சில்வியா என்ன படித்தாள்?

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். பி.ஏ. ஆங்கிலத்தில் டோனி கேட் பம்பாரா எழுதிய ‘தி லெசன்’ சிறுகதை அவருக்குப் பாடமாம். கைடைத் திறந்தால் “ஏழைப் பிள்ளைகள் பொருளாதார ஏற்றத்தாழ்வைத் தெரிந்துகொள்கிறார்கள்” என்று ஒரே வரி. பத்து மார்க்குக்கு அதை எப்படி நீட்டுவது, கதையில் வரும் சிறுமி சில்வியா உண்மையில் என்னதான் கற்றுக்கொண்டாள் என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அவர் சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாமா, சொன்னால் மனசு சங்கடப்படுமா என்று கேட்கிறார்.

பாளையங்கோட்டையில் ரொம்ப வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் நான். இந்தக் கதையையும் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் கைடு வரியைத் தள்ளிவையுங்கள். தான் ஏழை என்பது ஏழைவீட்டுப் பிள்ளைக்கு யாரும் கதை சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்ற பிள்ளைக்கு அது தெரியும். அக்கா போட்ட பாவாடையை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கும் தெரியும். சில்வியாவுக்கும் கதை தொடங்குவதற்கு முன்பே தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருந்தது வேறு. தன் வீட்டில் ஒரு மாதத்தை ஓட்டுகிற பணம் இன்னொரு வீட்டில் பொம்மைக்குப் போகிறது என்பதை அவள் அதற்குமுன் விலைச்சீட்டில் பார்த்ததில்லை. கதை அவளுக்கு அந்தச் சீட்டைக் காட்டுகிறது. காட்டிவிட்டு, அவள் வாயிலிருந்து ஒரு பதிலையும் வாங்காமலே முடிந்துவிடுகிறது. பத்து மார்க்கும் அங்கேதான் இருக்கிறது.

கதை படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். பம்பாரா 1939-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர், 1995-இல் இறந்தார். இந்தக் கதை 1972-இல் வந்த ‘கொரில்லா, மை லவ்’ தொகுப்பில் இருக்கிறது. ஹார்லெம் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. சில்வியாவின் உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தெற்கிலிருந்து வடக்கே பிழைக்க வந்து, ஒரே வீட்டில் அடைந்து கிடந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து குடியேறியவர்கள். அந்தத் தெருவுக்கு மிஸ் மூர் என்று ஒருத்தி வருகிறாள். காலேஜ் படித்தவள், முகத்துக்குப் பூச்சு கிடையாது, சீப்புக்கு அடங்காத தலைமுடி, பேச்சு மட்டும் இலக்கணம் பிசகாது. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அங்கே இங்கே கூட்டிப்போய் ஏதாவது சொல்லிக்கொடுப்பது அவளுடைய வழக்கம். பெற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் புறணி பேசுவார்கள், ஆனால் பிள்ளைகளை அவளோடு அனுப்பிவைத்துவிடுவார்கள். ஒருநாள் டாக்ஸியில் ஏற்றி ஐந்தாவது அவென்யூவில் இருக்கும் எஃப்.ஏ.ஓ. ஷ்வார்ஸ் பொம்மைக் கடைக்குக் கூட்டிப்போகிறாள். அது நிஜமாகவே இருந்த கடை, பணக்காரர்களின் கடை. பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள், உள்ளே போகிறார்கள், வாயைப் பிளக்கிறார்கள், ரயிலேறித் திரும்புகிறார்கள். கதை அவ்வளவுதான். சொல்கிறவள் சில்வியா. தெருவில் பேசுகிற மாதிரியே, யாரையும் மதிக்காத துடுக்கு நாக்கோடு சொல்கிறாள். அந்த நாக்கில்தான் கதையின் பாதிச் சுவை.

இனி விலைகளுக்கு வருவோம். கைடுகள் இவற்றைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன, நான் தாண்ட மாட்டேன்.

கடை ஜன்னலில் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது, 300 டாலர். ஒரு பையன் ஆசைப்படுகிறான். கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்க எவ்வளவு நாள் ஆகும் என்று மிஸ் மூர் கேட்கிறாள். வாங்கும்போது அதை வைத்து விளையாடும் வயசே போயிருக்கும் என்பதுதான் கணக்கு. அடுத்து ஒரு பேப்பர்வெயிட், 480 டாலர். அது எதற்கு என்றே பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க என்று மிஸ் மூர் விளக்கினால், மேஜைக்கு எங்கே போவது? தனக்கு வீடே கிடையாது என்கிறான் ஒருவன். மெர்சிடஸ் என்ற ஒரு பிள்ளை மட்டும் தன் வீட்டில் மேஜை உண்டு என்கிறாள். மற்றவர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஏழைகளுக்குள்ளேயும் படிக்கட்டு உண்டு என்பதைப் பம்பாரா ஒரு வரியும் விளக்காமல் இங்கே வைத்துவிடுகிறார்.

பிறகு அந்தப் பாய்மரக் கப்பல். கையால் செய்தது, ஃபைபர்கிளாஸ். விலை 1,195 டாலர். சில்வியாவால் நம்ப முடியவில்லை, மறுபடியும் வாசித்துப் பார்க்கிறாள், அதே விலைதான். ஏன் என்று தெரியாமலே கோபம் வருகிறது. உடனே அவள் மனசு போடும் கணக்கைப் பாருங்கள். தெருமுனைக் கடையில் கப்பல் செட்டு 25 சென்ட், பசை ஒரு டியூப் 10 சென்ட், நூல்கண்டு 8 சென்ட். கூட்டினால் 43 சென்ட். தன்னுடைய கப்பலுக்கு ஐம்பது சென்ட் போல ஆனது என்கிறாள். அந்த ஐம்பதையே வைத்து வகுத்துப் பாருங்கள், கடைக் கப்பல் ஒன்றின் விலைக்கு அவளுடைய கப்பல் 2,390 வரும். இந்த வகுத்தலைக் கதை செய்வதில்லை, நீங்கள் விடைத்தாளில் செய்யலாம்.

கடைசியாக 35 டாலர் கோமாளிப் பொம்மை. அதன் காலை லேசாக இழுத்தால் கம்பியில் குட்டிக்கரணம் போடும். இது சில்வியாவின் மண்டைக்குள் ஓடுவது கடையில் அல்ல, திரும்பும்போது ரயிலில். பிறந்தநாளுக்கு அது வேண்டும் என்று கேட்டால் அம்மா எப்படித் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறாள். அப்புறம் வரிசையாக வருகிறது: 35 டாலருக்கு வீட்டுச் சின்னப் பையன்கள் படுக்க அடுக்குக் கட்டில் வாங்கலாம். வீடே கிளம்பி ஊரில் இருக்கும் தாத்தாவைப் பார்த்துவரலாம். வாடகையும் பியானோ கடனும் கட்டிவிடலாம். ஒரு பொம்மைக்கு இவ்வளவு கொடுக்கிறவர்கள் யார், என்ன வேலை பார்க்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள், நமக்கு ஏன் அதில் இடமில்லை என்று அவளாகவே கேட்டுக்கொள்கிறாள்.

இந்த இடத்தை நம்மூர்ப் பிள்ளைகள் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார்கள். ஹார்லெமில் டாலரும் சென்டும் என்றால் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடிதான் கணக்கு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பது வாரம் பூரா அந்த வீட்டின் எல்லாச் செலவுக்கும் அளவுகோல். ஒருமுறை விடுமுறை வகுப்பில் இந்தக் கதையைத் தமிழில் சொல்லிவிட்டு, டவுனில் தீபாவளிக்குப் பார்த்து, வாங்காமல் வந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஒரு ஃபிராக்கின் விலையைச் சொன்னாள். ரூபாயில் சொல்லி நிறுத்தவில்லை. விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டு, “எங்க அம்மைக்குப் பதினோரு நாள் பீடி, சார்” என்றாள். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை: “ஏட்டி, இலையும் தூளும் சரியா இருந்தாதான் பதினோரு நாளு. இலை மோசமா வந்தா கம்பெனியில பீடியக் கழிச்சுப் போட்டுருவான். அதையும் கூட்டு.” முதல் பிள்ளை யோசித்துவிட்டு, “அப்பன்னா பதிமூணு” என்றாள்.

அந்த இரண்டு நாள் வித்தியாசத்தைப் பொருளாதாரப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. தட்டை மடியில் வைத்து அம்மா இலை வெட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அது வரும். பீடி சுற்றும் வேலையில் பிள்ளைகளை ஈடுபடுத்துவது சட்டப்படி தடை. அதனால் வேலை செய்த அனுபவத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்களும் கேட்க வேண்டாம். கணக்கு தெரிந்திருக்கும், அது போதும்.

அடுத்தது கதவு. என்னைக் கேட்டால் கதையின் உச்சம் கப்பல் இல்லை, கடை வாசல்தான். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த சில்வியா வாசலில் தயங்கி நின்றுவிடுகிறாள். கூச்சமாக இருக்கிறது. நான் எதற்குக் கூச்சப்பட வேண்டும், எல்லாரையும் போல எனக்கும் உள்ளே போக உரிமை இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். சொல்லியும் கை கதவைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. உயிர்த்தோழி ஷுகரை முன்னால் விடலாம் என்று பார்த்தால் அவளும் தயங்குகிறாள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, காவலாள் விரட்டவில்லை, கதவில் பலகை மாட்டவில்லை. தடை அவளுக்குள்ளேயே இருக்கிறது. அதை வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. ஏற்றத்தாழ்வு உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய பத்தி சிறுகதையில் குறைவு.

வண்ணார்பேட்டை பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு போட்ட கடைகள் வந்த புதிதில், கிராமத்திலிருந்து வந்த பெரியவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதைப் பார்த்திருக்கிறேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு வாசல் காட்சியை விளக்க ஹார்லெம் வரை போக வேண்டியதில்லை.

கதவு என்றதும் நம் கரிசல்காட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கி. ராஜநாராயணனின் ‘கதவு’. அதில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானே வீட்டுக் கதவுதான், அதில் தொற்றிக்கொண்டு ஆடுவார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். பிறகு ஒருநாள் அது கிடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு கதையில் திறக்க முடியாத கதவு, இன்னொன்றில் பிடுங்கிக்கொண்டு போன கதவு. ஒப்பிட்டு எழுதச் சொல்லும் கேள்வி வந்தால் இந்த ஜோடியை எடுங்கள். திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி ஷுகர். கடையை விட்டு வந்தபின், இன்றைக்கு என்ன தோன்றியது என்று மிஸ் மூர் கேட்கிறாள். ஷுகர் சொல்லிவிடுகிறாள்: இங்கே இருக்கிற எல்லாரும் சேர்ந்து ஒரு வருஷம் சாப்பிடுகிற செலவுகூட அந்தக் கப்பல் விலைக்கு வராது, சந்தோஷத்தைத் தேட எல்லாருக்கும் சம வாய்ப்பு என்றால் பணத்திலும் சம வாய்ப்பு வேண்டாமா, இது என்ன ஜனநாயகம் என்கிற மாதிரி. மிஸ் மூருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. சில்வியாவோ ஷுகரின் காலை மிதிக்கிறாள், பேசாதே என்று. வேறு யாராவது ஏதாவது கற்றுக்கொண்டீர்களா என்று மிஸ் மூர் தன்னையே பார்த்துக் கேட்கும்போது பதில் சொல்லாமல் நடந்துவிடுகிறாள்.

பெரும்பாலான விடைத்தாள்களில் இந்த இடத்தில் “ஷுகர் பாடத்தைப் புரிந்துகொண்டாள், சில்வியா புரிந்துகொள்ள மறுத்தாள்” என்று எழுதியிருக்கும். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. ஷுகர் சொன்னது டீச்சர் எதிர்பார்த்த விடை. கெட்டிக்காரப் பிள்ளை, சரியாகச் சொன்னாள், அடுத்த நிமிஷம் தின்பண்டத்துக்கு ஓடத் தயாராகிவிட்டாள். சில்வியாவுக்கு அது விடையாக இல்லை, வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கடைக்குள் ஷுகர் அந்தக் கப்பலை விரலால் தடவியபோது சில்வியாவுக்குப் பொறாமை வந்து அவளை அடிக்கலாம் போல இருந்தது. அவளை இல்லாவிட்டாலும் யாரையாவது முகத்தில் குத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் கோபத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காத வரையில் அவளால் பேச முடியாது. கதவைப் பிடிக்க முடியாத கையும் கேள்விக்குப் பதில் சொல்லாத வாயும் ஒரே பிள்ளையுடையவை. பாடம் அதிகம் ஏறியது அவளுக்குத்தான் என்று நான் சொல்வேன்.

அந்த நாலு டாலரையும் விட்டுவிடாதீர்கள். வகுப்பில் கதை சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: “மிச்சக் காசு என்னாச்சு சார்?” டாக்ஸியில் மிஸ் மூர் ஐந்து டாலர் நோட்டைச் சில்வியாவிடம் கொடுத்து, டிரைவருக்குப் பத்து சதவீதம் டிப்ஸும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்கிறாள். மீட்டர் 85 சென்ட். டிப்ஸ் எட்டரை சென்ட் வரும். அவனைவிட எனக்குத்தான் தேவை என்று முடிவுகட்டி, சில்வியா டிப்ஸே கொடுக்கவில்லை. மிச்சம் நாலு டாலர் சொச்சம் அவள் கையில். மிஸ் மூர் கடைசிவரை திருப்பிக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பதைக் கதை சொல்லாது. வேண்டுமென்றேதான் என்பது என் எண்ணம். இருக்கிறவன் இல்லாதவனுக்கு என்ன கொடுக்கிறான் என்று கேட்கப்போகிற பாடத்துக்கு முன்னால், காசு கையில் இருக்கும்போது நீ டாக்ஸிக்காரனுக்கு என்ன கொடுத்தாய் என்ற கேள்வி சில்வியாவின் பையிலேயே கிடக்கிறது. பம்பாரா ஏழைப் பிள்ளைகளைப் புனிதராக்காதது எனக்குப் பிடித்த விஷயம்.

மிஸ் மூர் செய்தது சரியா? வாங்க முடியாத பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவது கொடுமை இல்லையா என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்பார். கொடுமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்பே அவள் வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, இந்த நாட்டில் பணம் சரியாகப் பங்கிடப்படவில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள். பிள்ளைகளுக்குத் தூக்கம்தான் வந்தது. கண்ணால் பார்த்த அன்றைக்குத்தான் விழித்தார்கள். அவளிடம் எனக்குள்ள குறை வேறு. நம் இடம் இதுதான், ஆனால் இப்படியே இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, ஏழைகள் விழித்து எழுந்து தங்கள் பங்கைக் கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லமாட்டார்களா எனக் காத்துக்கொண்டிருப்பாளாம். விடையைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் வாத்தியார்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் அவர்கள் முகத்தைப் பார்த்தே விடையைப் படித்துவிடுவார்கள். ஷுகர் படித்தாள்.

பங்கு கேட்பது என்பது நம்மூரில் வெறும் கதை வாக்கியம் இல்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருஷக் குத்தகைக்குப் போன நிலம். அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும் கைதானவர்களை விடச் சொல்லியும் 1999 ஜூலை 23-ஆம் தேதி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் கூட்டம் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. கல்லூரி வகுப்பு என்றால் இதைப் பேசலாம், பேச வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் இப்போதே வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேறொரு கதையை முதலில் சொல்லச் சொல்வேன். கி.ரா.வின் அதே இடைசெவலில், அதே 1923-இல் பிறந்த கு. அழகிரிசாமி எழுதிய ‘ராஜா வந்திருக்கிறார்’. அப்போது அது பழைய திருநெல்வேலி ஜில்லா. பணக்கார வீட்டு ராமசாமி தன் வீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமை அடிப்பான், மங்கம்மாளும் அவள் கூடப்பிறந்தவர்களும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வார்கள். ஏற்றத்தாழ்வை ஒரு விளையாட்டுப் போட்டியாகவே ஆரம்பித்துவிடுகிறார் அழகிரிசாமி. தீபாவளி நேரத்தில் தெருவில் ஒரு அநாதைப் பையன், உடம்பெல்லாம் சிரங்கு, பெயர் ராஜா. மங்கம்மாளின் அம்மா தாயம்மாள் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புருஷனுக்கு வாங்கி வைத்த துண்டை உடுத்திவிடுகிறாள். ராமசாமி எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று ஜமீன் சம்பந்தக்காரரைச் சொன்னால், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள் மங்கம்மாள்.

நெல்லைச் சீமையில் இந்தக் கதையைத் தாயம்மாளின் நல்ல மனசுக்காகக் கொண்டாடுவார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ராமசாமி வீட்டில் ஏன் அவ்வளவு, தாயம்மாள் வீட்டில் ஏன் ஒரே ஒரு துண்டு என்று அழகிரிசாமி கேட்கவில்லை. பம்பாரா கேட்கிறார். பம்பாராவின் கதையிலோ ஒருவரை ஒருவர் தொட்டுக் குளிப்பாட்டும் கை இல்லை, காலை மிதிக்கும் கால்தான் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒன்றில் இல்லாதது மற்றதில் கிடைக்கும். இதற்கு நடுவில் நடந்த ஒரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். இடைசெவலிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கும் எட்டயபுரத்தில்தான் 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு தாயம்மாள் மனசு வைத்தால்தான் சோறு என்ற நிலைமை, பள்ளிக்கூடம் வந்தால் சோறு என்று மாறியது. இரக்கத்துக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது. மத்தியானம் அவர்கள் தட்டில் விழுவதுதானே.

திருநெல்வேலியில் இந்தப் பேச்சை எடுத்தால் பணத்தோடு நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். ஹார்லெம் பிள்ளைகள் கடையைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரர்களுக்குக் கிறுக்கு என்று சொல்லிவிடுகிறார்கள், மிஸ் மூர் அதைப் பணத்தின் பக்கம் திருப்புகிறாள். இங்கே சாதி அந்த இடத்தில் நிற்கிறது. கையில் கட்டும் கலர் கயிறைப் பார்த்தே யார் எந்தத் தெரு என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. எல்லாரும் ஏழை, ஆனால் ஏழைகளில் நாங்கள் மேல் என்று நினைக்கும் பிள்ளை உங்கள் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கலாம். மேஜை வைத்திருந்த மெர்சிடஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பேச்சுக்கு அவள்தான் வாசல்.

ஆக, உங்கள் பிள்ளைகளிடம் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். சங்கடப்படத்தான் செய்வார்கள், அந்தச் சங்கடம் ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதுதான். நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: உங்க வீட்டு வருமானம் எவ்வளவு என்று எந்தப் பிள்ளையையும் மற்றவர்கள் முன்னால் கேட்டுவிடாதீர்கள். அம்மாவின் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். ஆயிரம் பீடிக்கான இன்றைய கூலி தெருவில் எல்லாருக்கும் தெரிந்த பொதுக் கணக்கு, அதைப் பலகையில் எழுதிவிட்டால் போதும். ஒரு விளம்பரத்தில் வந்த சைக்கிளோ பொம்மையோ, அதன் விலையைப் பக்கத்தில் எழுதி வகுக்கச் சொல்லுங்கள். அமைதியாக இருக்கிற பிள்ளையை, நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று எழுப்பிக் கேட்காதீர்கள். மிஸ் மூருக்கே அந்தக் கேள்விக்குச் சில்வியாவிடம் பதில் கிடைக்கவில்லை.

பரீட்சைக்கு வருவோம். கடைசி வரியில் சில்வியா, யார் வேண்டுமானாலும் ஓடட்டும், என்னை எதிலும் யாரும் ஜெயிக்க முடியாது என்கிற பொருளில் ஒன்று சொல்கிறாள். இதை முன்னேறிக் காட்டுவேன் என்ற சபதமாகக் கைடுகள் வாசிக்கின்றன. ஷுகர் கேக் கடைக்குப் பந்தயம் கட்டி ஓடுகிறாள், சில்வியா அவளை ஓடவிட்டுவிட்டு, இந்த நாளை யோசித்துப் பார்க்க வேறு பக்கம் போகிறேன் என்கிறாள். நாலு டாலர் கையில் இருந்தும் கேக்குக்கு ஓடாத சில்வியாவை நாம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சபதமா, வீம்பா, அல்லது முதன்முதலாகத் தனியாக யோசிக்கப் போகிற பிள்ளையின் தைரியமா என்று மூன்றையும் எழுதி, உங்களுக்குச் சரியென்று படுவதற்குக் கதையிலிருந்தே இரண்டு சான்று கொடுங்கள். வாசல் காட்சிக்கு ஒரு பத்தி, விலைகளுக்கு ஒரு பத்தி, ஷுகரின் பதிலுக்கும் சில்வியாவின் மௌனத்துக்கும் சேர்த்து ஒரு பத்தி. ‘ஆசிரியர் கூறும் கருத்து’ என்று தலைப்புப் போட்டுக் கைடு வரியைக் கடைசியில் ஒட்டவைக்க வேண்டாம். திருத்துகிறவர் அன்றைக்கு அதே வரியை நாற்பது தாளில் பார்த்திருப்பார்.